கட்டுமானம் நாற்பத்தேழு

மூலைக்கரைப்பட்டி விலக்கில்
சாலை அகலமாகிறது.
வேம்புக்கு, கிணற்றுக்கு,
சுடலைமாடன் பீடத்துக்குக்கூட
உரிமை கேட்டு ஆள் வந்தாயிற்று.

இடுப்பளவுக் கல் ஒன்றுதான் பாக்கி.
சுண்ணாம்பைச் சுரண்டிப் படித்தேன்:
இவ்வூரிலிருந்து பெரும்போருக்குப் போனவர் முப்பத்தொருவர்.
உயிர்விட்டவர் நால்வர்.
பெயர் இல்லை.
எந்த நால்வர் என்று
பஞ்சாயத்து ஆபீசிலும் தெரியவில்லை.
என் பங்குக்குச் சிவப்புப் பெயின்டில்
இன்னொரு எண் போட்டேன்.

நுங்கு சீவிக்கொண்டிருந்தவள்
அரிவாளை நிறுத்தினாள்.
"கல்லு யாருதோ, எனக்குத் தெரியாது சார்.
காலையில பதினோரு மணி மட்டும்
அதுக்க நெழலு என்னுது.
எழுதிக்கிடுங்க."

நிழலுக்கு இழப்பீடு
எந்த விதியிலும் இல்லை.
இருந்தும்
உரிமையாளர் என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஆவுடைத்தங்கம், கணவர் பெயர் பிச்சக்கண்ணு.

கட்டம் போதவில்லை.
கோட்டைத் தாண்டி
ஓரம் வரைக்கும் போயிற்று.