இறக்கத்துப் புகை

ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்.
ஒட்டுப்பால் எடைக்கணக்கு எழுதும் நோட்டில்
கடைசித் தாளில் குறித்திருக்கிறேன்.
ஊற்றிய அன்று அளவுக்கம்பியில் மேல்கோடு.
பன்னிரண்டாம் நாள் துடைத்து விட்டுப் பார்த்தால்
நுனியில் கரிய ஈரம்,
அதுவும் நம்பினால் உண்டு.

ஒழுகுகிறதோ என்று
அடியில் அட்டை விரித்து மூன்று ராத்திரி நிறுத்தினேன்.
மூன்றாம் காலை அட்டையில்
பல்லி எச்சம் மட்டும் இருந்தது.

தொண்ணூற்றெட்டு மாடல், நூறு சிசி.
இரண்டு பேர் தேய்த்த பிறகு கைக்கு வந்தது.
கோதையாறு ரோட்டில் வெறுஞ்சாக்கோடு ஏறும்,
அறுபது கிலோ நாற்றத்தோடு இறங்கும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில் வில்பிரெட்
கையைத் துடைக்காமலே சொன்னான்:
போர் போச்சு, பிஸ்டன் செட்டோட ஏழாயிரம்.
வேர்க்கிளம்பியில் கெட்டி எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள்.
ஊற்றினேன்.
காலைக் குளிரில் முப்பது உதை உதைக்க வைத்து
அதையும் குடித்தது.
திருவட்டாறில் ஒருத்தர் வண்டியைத் தொடவே இல்லை.
‘வயசாச்சு, குடிக்கும். மனுசன் குடிக்கலியா?’

பிறகு ஞானசிகாமணி.
மெக்கானிக் இல்லை, கோதையாறு பஸ் டிரைவர்.
பேச்சிப்பாறை டீக்கடையில்
பழப்பத்தை ஊதி ஊதித் தின்றபடி பறஞ்சார்:
‘எட்டு மாசமா ஒமக்க புகையத் தின்னுட்டாக்கும் வேய்
நான் வண்டி ஓட்டுதேன்.
ஏறும்போ ஒண்ணும் இல்ல.
இறங்கும்போதும் இல்ல.
இறக்கம் முடிஞ்சு அந்தக் கலுங்குப் பக்கம்
நீரு கைய முறுக்குவீரு பாத்தீரா,
அப்பம் வரும் ஒரு நீலப் பொதி.’

என் புகை
எனக்குத் தெரியாத நேரம்
அவருக்கு மனப்பாடம்.

குலசேகரத்தில் ரெல்வினிடம் இதை அப்படியே ஒப்பித்தேன்.
‘கலுங்குப் பக்கமா?’ என்று ஒருமுறை கேட்டான்.
பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கேஜைத் திருகினான்.
உதைத்தோம். ஊசி நின்ற இடத்தைச் சாக்பீஸால்
டேங்கில் எழுதினான்.
ஒரு கரண்டி எண்ணெய் உள்ளே விட்டு மறுபடி உதைத்தோம்.
ரிங் தேய்ந்திருந்தால் ஊசி மேலே போகும்.
போகவில்லை.
‘கீழ ஒண்ணுமில்ல அண்ணே, மேலயாக்கும்.
ஆக்சிலேட்டர விட்டு கியர்ல இறங்கும்போ
எஞ்சின் மூச்ச இழுக்கும்.
காத்து கிட்டாது. வால்வு வழியா எண்ணெய இழுக்கும்.’

மறுநாள் ஹெட் இறங்கியது.
வால்வின் தண்டிலிருந்து எதையோ பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தான்.
சுண்டுவிரல் நுனி அளவு சீல்.
ரப்பர்.

இருபத்திரண்டு வருசமாக ரப்பர் வாங்குகிறேன்.
புகையில் காய்ந்த ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே
கிரேடு சொல்வேன்.
சாக்குக்குள் கல் போட்டு எடை கூட்டினால்
காலால் தட்டியே கண்டுபிடிப்பேன்.
இதை நகத்தால் அழுத்தினேன். இறங்கவில்லை.
வளைத்தேன்.
முறுக்கு மாதிரி ஒடிந்தது.
இதற்கு நான் கிலோவுக்கு
பத்துப் பைசா கொடுத்திருக்க மாட்டேன்.

‘இது மரத்து ரப்பர் இல்ல அண்ணே,’ என்றான் ரெல்வின்,
‘மரத்து ரப்பர் எண்ணெயில ஊதிப்போவும்.’
எனக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்.

சீல் இரண்டு, எண்பது ரூபாய்.
ஹெட் கேஸ்கெட் நூற்றுப் பத்து.
கைடில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதாம்,
அது அடுத்த வருசக் கவலை.

ஆயிரம் ஓடிவிட்டது.
கம்பியில் எண்ணெய் ஒரு நெல் அளவு இறங்கியிருக்கிறது.
கலுங்கு தாண்டிக் கையை முறுக்கும்போது
திரும்பிப் பார்க்கிறேன், பழக்கமாகிவிட்டது.
மழைக்குக் கவிழ்த்த சிரட்டைகளோடு மரங்கள்.
பின்னால் பஸ்.

நேற்று ஞானசிகாமணி கோபமாக இருந்தார்.
‘மஞ்சுக்குள்ள ஒம்மள அடையாளம் தெரியல்ல வேய்.
கொஞ்சம் தப்பியிருந்தா இடிச்சிருப்பேன்.
பின் லைட்டு எரியல்ல, அத மாத்தும் முதல்ல.’

ரெல்வினுக்குக் கூலியில் இருநூறு பாக்கி.
சனிக்கிழமை விலை ஏறினால்
லைட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.