நாயண்டஹள்ளி மண்

உரித்த ஒயர்த் தோல்கள் குவிந்து கிடந்த
கொட்டகைக்குப் பின்னால்
ஒரு கரண்டி மண் கேட்டேன்.
"மண்ணா? காசுக்கா, சும்மாவா?" என்றார் ஃபரீதுன்னிசா,
பச்சைக் குழாயொன்றை
வெறுங்கையால் வளைத்துப் பார்த்தபடி.
வளைந்தால் ஒரு விலை,
முறிந்தால் வேறு விலை.

வளைவதற்கென்று கலந்த எண்ணெய்
குழாய்க்குள் தங்குவதில்லை,
மெல்லக் கசிந்து மண்ணுக்கு, விரலுக்கு,
என்று ஆரம்பித்தேன்.
தலைக்குமேல் மெட்ரோ போயிற்று.
பாதிதான் கேட்டிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் அந்த மண்ணுக்குச்
சர்க்கரை கிடையாது.
உப்புத் தண்ணீர், தாலேட். அவ்வளவுதான்.
தின்றால் பிழை, இல்லாவிட்டால் சாவு
என்பதற்கு எங்கள் பாஷையில்
செறிவூட்டல் என்று பெயர்.

ஆறு வாரம்.
ஏறக்குறைய எல்லாம் செத்தன.
பிறகு, எண்ணெய் மங்கிய தட்டில்
ஒரு புள்ளியைச் சுற்றித் தெளிவு,
டிசம்பர் காலைப் பேருந்துக் கண்ணாடியில்
யாரோ விரல் வைத்த மாதிரி.
மூடியில் 'ந-7' என்று எழுதினேன்.
அன்று மதியம் சாப்பிட மறந்துபோனேன்.

இரண்டு வாலையும் முதலில் நறுக்கி
அப்புறம் வளையத்தை உடைத்து
அது தின்னத் தின்ன
கணினித் திரையில் மலையாக நின்ற கோடு
பத்தாம் நாள் கரடு,
இருபதாம் நாள் வரப்பு.

ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த குடுவை,
மண்ணே படாத, எதுவுமே ஊற்றாத குடுவை,
அதிலும் ஒரு குட்டி மலை.
கழுவினேன். மலை.
மறுபடி கழுவினேன்.
உறிஞ்சுகுழல் முனையிலிருந்து வருகிறதாம்,
ரப்பர் போன்ற அந்த டியூபிலிருந்து,
என் நீலக் கையுறையிலிருந்து.
என்னிலிருந்தும்தானே?
"எல்லா லேபிலும் இருக்கிறதுதான்,
கழித்துவிட்டு எழுது" என்றார் டாக்டர் ஹெப்பார்.
கழித்தேன்.
கழித்ததைத்தானே கழிவு என்கிறோம்;
அது எங்கே போகும் என்று எழுத
அட்டவணையில் கட்டம் இல்லை.

இன்னொரு கரண்டிக்காகத் திரும்பப் போனபோது
ஃபரீதுன்னிசா என்னை மறந்திருக்கவில்லை.
"உன் பூச்சி தின்னுதா?"

"குடுவையில தின்னுது அக்கா.
முப்பது டிகிரி சூடு வேணும்.
ராத்திரி பகலா
தொட்டில் மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

குவியலைப் பார்த்தார்,
அதற்கப்பால் நுரைத்து ஓடும் விருஷபாவதியைப் பார்த்தார்.
"இம்மாத்தையும் யாரு ஆட்டறது?"
சிரித்தார். நானும்.

மேலே மெட்ரோ போயிற்று.
காலடியில் மண்
கொஞ்சம் ஆடிற்று.