பதினொரு எட்டு

படிவத்தில் அதற்குப் பெயர் கசடு.
ரசீது எழுதுபவள் நான், அப்படித்தான் எழுதுகிறேன்.
நீளக் கம்பியோடு குழிமேல் குனிந்து நிற்கும் சிட்டாலி
ஒருநாளும் அதை அப்படி அழைத்ததில்லை.

கன்யாமாவில் இரவு பத்துக்கு மேல்தான் எங்கள் வேலை.
பகலில் போனால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு
பின்னால் ஊர்வலம் வருவார்கள்.
இரவில் நாய்கள் மட்டும்.
நாய்களுக்கு எங்கள்மேல் புகார் இல்லை.

லுசாக்காவின் இந்தப் பக்கம் மண் ஒரு முழம்.
அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை,
பாறைக்குள் ஓட்டை,
ஓட்டைக்குள் எல்லோருடைய தண்ணீரும்.
ஆழத் தோண்ட வழியில்லாமல்
குழியை மேல்நோக்கிக் கட்டுகிறார்கள்.
ஐந்து படி ஏறித்தான் உட்கார வேண்டும்.
அரியணை என்பான் சிட்டாலி.
மழை வந்தால் ராஜாவின் காலடியில்
ராஜ்ஜியம் மிதக்கும்.

முதலில் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு மீன்பிடிப்பு.
நேற்று மாட்டியவை:
சோளமாவுப் பைகள், ஒரு பள்ளி ஷூ, இடது கால்,
சவுரி முடி, பீர் பாட்டில், ஒரு செல்போன்.
போனைக் கழுவித் தரச் சொன்னார் வீட்டுக்காரர்.
தந்தோம்.
ரசீதில் அதற்குக் கட்டம் இல்லை.

இன்று பானா கபெம்ப்வாவின் வீடு.
எட்டுக் குடித்தனம், ஒரே குழி.
"முப்பத்திரண்டு பீப்பாய் எடுத்தால்தான் தரை தெரியும்" என்றோம்.
"பன்னிரண்டு எடுங்கள்" என்றாள்.
"தரையை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?"

போன வருடம் மழை பொய்த்தது.
அணை வற்றி மின்சாரம் நாளுக்கு மூன்று மணி நேரமானது,
எந்த மூன்று என்று யாருக்கும் தெரியாது.
மோட்டார் ஓடாமல் தண்ணீர்க் கடைக் குழாய்
கொட்டாவி விட்டது.
அப்போதுதான் அவள்
தகரம் போட்டு மூடியிருந்த கிணற்றைத் திறந்தாள்.
வாளிக்கு ஒரு குவாச்சா.
பாவம் பார்த்துத் திறந்தாள் என்று சிலர்,
பணம் பார்த்து என்று சிலர்.
இரண்டுக்கும் அதே வாளிதான்.

இந்த வருடம்
போன வருட மழையும் சேர்ந்து பெய்கிறது.

நான் டார்ச் அடித்து நடந்து பார்த்தேன்,
குழியிலிருந்து கிணற்றுக்கு.
பதினொரு எட்டு.
என் பூட்ஸ் பெரியது, பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

ஏழாவது பீப்பாய் நிறைந்தபோது
தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
கையுறையைக் கழற்றிய சிட்டாலி
என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன்.
வேலைக்கு வந்த வீட்டில் கொடுத்ததை மறுத்தால்
அடுத்த வீடு நம்மைக் கூப்பிடாது.
ஆனால் தட்டில் இருந்தது
கடையில் வாங்கிய பாட்டில்.
மூடியின் முத்திரை உடையவில்லை.

அவளுக்குத் தெரியும்.
பல நாளாகத் தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டு முடிந்தது.
வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள்.
குறிப்பு என்ற கட்டத்தில், யாரும் எதுவும் எழுதாத கட்டத்தில்,
எழுதினேன்:
மீதம் இருபது. கிணறு, பதினொரு எட்டு.

விளக்கை அருகே பிடித்து நெடுநேரம் படித்தாள்.
கத்துவாள் என்று நினைத்தேன்.
"எட்டு என்று போடாதே, அம்மா.
அடிக்கணக்கில் போடு.
எண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்."

நான் திருத்தவில்லை.
அவளும் கையெழுத்துப் போட்டாள்,
தூறலில் மை கரைவதற்குள்.

வண்டியைத் தள்ளும்போது
மூன்றாவது கதவு திறந்து ஒரு சிறுமி வந்தாள்,
தூக்கம் கலையாத முகம், மஞ்சள் வாளி.
கிணற்றடியில் கயிறு சுருட்டியபடியே தொங்கியது.
அவள் அதைத் தொடவில்லை.
குனிந்தாள்,
கையை நீட்டி
வாளியை முக்கி எடுத்தாள்.