சாறு ஓடிய செவ்வாய்

வெர்மான்ட்டில் மார்ச் முதல் செவ்வாய்.
ஊர்க்கூட்டம்.
வாக்கு எண்ணும் மேசையில்
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

லோர்னா திபோடோ
ஊர்க்குழுவுக்கு ஓடுகிறாள் என்றார்கள்.
வந்து பதினொரு வருஷம்,
இன்னும் அந்த வினைச்சொல்லைக் கேட்டால்
எனக்கு மூச்சிரைக்கும்.
எங்கள் மொழியில் தேர்தலுக்கு நிற்பார்கள்.
ஜெயித்தபின் உட்கார்வார்கள்.
அப்புறம் எழுப்புவது கஷ்டம்.
இவளோ
மூட்டு மாற்றிய முழங்காலோடு
கைத்தடி ஊன்றி ஓடினாள்.

தம்மாத்துண்டு சொல், ரன்.
இந்த ஊரையே கட்டி மேய்க்கிறது.
இங்கே மூக்கு ஒழுகாது, ஓடும்.
சிவப்புச் சட்டையோடு போட்டால்
சாயம் போகாது, ஓடும்.
பால் தீர்ந்துவிட்டதா,
பாலுக்கு வெளியே ஓடிவிட்டோம் என்பார்கள்,
என்னவோ பால் அங்கேயே இருப்பது போலவும்
விட்டு வந்த பாவிகள் நாம் போலவும்.
நாம் கடையை நடத்துவோம்;
லோர்னா தன் டிராக்டர் பட்டறையை ஓட்டுகிறாள்.
அவள் புருஷன் டெல்பர்ட்
ஓடிப்போனான்.
அது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.
ஓடிப்போகிறவர்களுக்கு
மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

பேச எழுந்தபோது
மடக்கு நாற்காலியின் ஆணி
அவள் காலுறையைக் கவ்வியது.
பக்கத்திலிருந்த ஜெனீவ்
"ரன்!" என்று கிசுகிசுத்தாள்.
நான் கதவைப் பார்த்தேன்.
தீயா, கரடியா?
லோர்னா குனிந்து பார்த்தாள்.
கெண்டைக்காலில் இழை விட்டு
கணுக்காலை நோக்கி
ஒரு வெள்ளைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.
ஜெனீவ் கைப்பையைத் துழாவி
நிறமில்லாத நகப்பூச்சை எடுத்து
கோட்டின் முனையில் ஒரு சொட்டு வைத்தாள்.
கோடு நின்றது.
லோர்னா
பனிவாரும் வண்டிக்குப் புது எஞ்சின் பற்றி
ஆறு நிமிஷம் பேசினாள்.

பாழாய்ப்போன வெயில்
அன்றைக்குத்தான் அடிக்க வேண்டுமா.
ராத்திரி உறைந்து காலையில் இளகி
மேப்பிள் மரங்களில் சாறு ஓடத் தொடங்கிவிட்டது.
சாறு ஓடும்போது இங்கே
கல்யாணம் நிற்கும், பிணம்கூடக் காத்திருக்கும்.
அவள் தம்பிகள் மூவரும்
வாளிகளோடு மலைமேல்.
ஏழு மணிக்குப் பெட்டியை மூடினோம்.
எண்ணினேன். இன்னொரு தரம் எண்ணினேன்.
இரண்டு ஓட்டில் போயிற்று.

இரவு
சாறு காய்ச்சும் கொட்டகைக்கு
அவளை என் காரில்தான் கொண்டுபோனேன்.
கூரைப் பிளவு வழியே ஆவி
நட்சத்திரம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.
தம்பிகளில் ஒருவனும்
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
நடுவில் உள்ளவன், லூஷியன்,
அடுப்பைப் பார்த்துச் சொன்னான்:
"நல்லா ஓடுது."
அவ்வளவுதான் மன்னிப்பு.

அவள் கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள்.
கொதிக்கும் தட்டத்தின் முன்னால்,
நுரையை வழித்தபடி,
ஒரு மணி நேரமாவது இருக்கும்,
நின்றாள்.

இளையவன் கரண்டியால் ஒரு முட்டையை எடுத்து நீட்டினான்,
சாற்றிலேயே வெந்தது, பழுப்பேறியது.
கையுறையோடு வாங்கி
மேசை விளிம்பில் தட்டினாள்.

ஓட்டை உடைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முட்டையின் ஓட்டை,
கைநழுவிய ஓட்டை,
காலுறையில் விழுந்த ஓட்டை,
மூன்றும் ஒரே சொல்லாய் அங்கே கிடந்தன,
எடுத்துக் காட்ட ஆளில்லாமல்.
"என்ன?" என்றாள் லோர்னா.
ஒன்றுமில்லை என்றேன்.
பாதி முட்டையைப் பிட்டு என் கையில் வைத்தாள்.
லேசாக இனித்தது.