அடியில் கிடந்த இரண்டு ரூபாய்

பள்ளிக்கூடத்திலிருந்து நாலாம் நாள் திரும்பினோம்.
பூட்டைத் திறக்குமுன்பே சத்தம் கேட்டது.
ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது,
நாங்கள் எங்கேயுமே போகாத மாதிரி.

கூரையில் ஒன்பது ஓடு இல்லை.
கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை.
வாசற்படிவரை வந்து, யோசித்து,
திரும்பிப் போயிருக்கிறது கோரையாறு.
போட்ட கோடு அப்படியே இருக்கிறது.

இதற்கு மட்டும் ஒன்றும் தெரியாது.
திறந்தால் விளக்கு எரிகிறது.
குளிர் முகத்தில் அடிக்கிறது.
"பாரு, கல்லு மாதிரி இருக்கு" என்கிறார் வைரக்கண்ணு,
வஞ்சிரத் துண்டை மேடையில் தட்டி.
டக். டக்.

போனது எப்போது என்று எனக்குத் தெரியும்:
வியாழன் ராத்திரி பதினொன்று பத்து,
வகுப்பறை ஜன்னலில்
ஊர் ஒரே நொடியில் அணைந்தது.
வந்தது எப்போது?
தெற்கு வீட்டு அமலோற்பவம் நேற்று சாயங்காலம் என்றாள்.
டீக்கடையில், சனிக்கிழமையே வந்தது,
போனது, மறுபடி வந்தது என்றார்கள்.
சேலத்திலிருந்து வந்து கம்பம் நடுகிற லைன்மேனைக் கேட்டேன்.
"எந்த டிரான்ஸ்ஃபார்மர்க்கா?" என்றார்.

கிளம்புமுன் ஒரு காரியம் செய்திருந்தேன்.
எவர்சில்வர் டம்ளரில் உறைந்திருந்த தண்ணீர்மேல்
இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்தேன்.
காரைக்காலில் ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலைபார்க்கும்
நாத்தனார் போனில் சொன்ன வழி.
சாமிக்கு முடிந்துவைக்கிறேன் என்று நினைத்து
அவர் கும்பிட்டுக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.

இப்போது டம்ளரை எடுத்துப் பார்த்தால்
மேலே வெள்ளையாக ஐஸ். காசைக் காணோம்.
குழாயடியில் கவிழ்த்துத் தட்டினேன்.
வழுக்கி விழுந்தது கட்டி.
அதன் தலையில் காசு.
கவிழ்த்த கட்டிக்குத் தலை எது?
டம்ளருக்கு அடி.

முழுசாக உருகி, முழுசாக முங்கி,
அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி
இறுகிக்கொண்டிருக்கிறது.

"முன்னாடியே முங்கிருக்கும்" என்றார்.
நான் பதில் சொல்லாமல் மாவுச் சட்டியைக் காட்டினேன்.
பொங்கி மூடியைத் தள்ளி வழிந்து வற்றி,
உள்சுவரில் ஒரு கோடு,
வாசற்படியில் ஆறு போட்ட அதே கோடு.

அதற்குமேல் வேலைதான்.
வஞ்சிரம். உரித்து டப்பாவில் அடுக்கிய இறால்.
பால். துருவிய தேங்காய்.
புதன்கிழமைக் குழம்பு.
"வாசனையே வரலியே."
நாறுகிறது தானே சொல்லிவிடும்,
நாறாததுதான் வயிற்றுக்குள் போய்ச் சொல்லும்.
"நல்லா வறுத்தா செத்துரும்."
செத்தது விட்டுப்போனது சாகாது.
தயிரில் கொஞ்சம் நின்றேன்.
புளிப்பதுதானே அதன் தொழில்?
பிறகு அதையும் எடுத்தேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

நார்த்தங்காய் இருக்கட்டும். புளி இருக்கட்டும்.
உப்பும் வெயிலும் முன்பே பார்த்துவிட்டவை.
அவருடைய இன்சுலின் இங்கே இருக்கவேயில்லை,
ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில்
நாலு நாளும் என் தலைமாட்டில் கிடந்தது.

குழி வெட்ட வேண்டியிருக்கவில்லை.
தென்னை வேரோடு பிடுங்கிக்கொண்டு போன இடமே போதும்.
அவர்தான் சுமந்துபோய்க் கொட்டினார்.
ஆயிரத்து நூறு, என்றார் மண்ணைத் தள்ளிக்கொண்டே.
நாய் பக்கத்தில் உட்கார்ந்து
எங்களைப் பைத்தியங்களைப் போலப் பார்த்தது.

அமலோற்பவம் வேலி இருந்த இடத்தில் நின்றாள்.
"எங்களுக்குக் குடுத்திருக்கலாம்ல?"
"குடுக்கற மாதிரி இருந்தா நானே தின்னுருப்பேன்."
சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.
"எங்க வீட்டுல காசு வைக்கலியே."
ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான், என்றேன்.
அவள் வீட்டுக்குள் போனாள்.
கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டியோடு வந்தாள், குழிக்கு.
பின்னாலேயே அவள் கொழுந்தன் வீட்டிலிருந்து ஒரு சட்டி.
இருட்டுவதற்குள் நாலு வீடு
என் காசை வந்து பார்த்துவிட்டுப் போனது.

ராத்திரிக்கு நிவாரண ரொட்டி, நார்த்தங்காய்.
அடுத்த வாரம் இன்னொரு தாழ்வுநிலை என்றது ரேடியோ.
வைரக்கண்ணு எழுந்துபோய்
டம்ளரில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் வைத்து
கையோடு காசையும் போட்டார்.
உறையாத தண்ணீர்.
நேராக அடிக்குப் போனது, சின்னச் சத்தத்தோடு.

விரலைவிட்டு எடுத்துத் துடைத்து
காலையில் வைக்கலாம் என்று
அவர் சட்டைப்பையில் போட்டேன்.