கண்மட்டம்

கந்தோரில் என் கதிரைக்கு ஒரு கால் கட்டை.
பஸ் ரிக்கற் நாலை மடித்து வைத்தால் சமன்.
கூட்டுகிறவ வந்துபோனால்
மறுபடி ஆட்டம்.
பதினோரு வருஷம் இப்படி ஆடி
நாரிக்குள் ஒரு ஆணி ஏறிவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை,
நிறோஜினி என்று சட்டையில் பெயர்,
முள்ளந்தண்டை விரலால் ஒவ்வொன்றாய் எண்ணினாள்.
"எத்தினை மணித்தியாலம் இருந்த இடத்தில இருக்கிறியள் அக்கா?"
"எட்டு. மாதக் கடைசியில் ஒன்பது."
"அரை மணிக்கு ஒருக்கா எழும்புங்கோ.
கொம்பியூட்டர் திரை கண்மட்டத்தில இருக்கவேணும்.
தண்ணி குடிக்கிறனீங்களோ?"
நான் வாய் திறக்கவில்லை.
பெண்களின் கழிப்பறைத் திறப்பு
கணக்காளரின் லாச்சிக்குள் கிடக்கிறது என்பதை
அவளுக்கு எப்படி விளங்கப்படுத்த?

எழும்பினேன்.
பத்தரைக்கு நான் எழும்ப
யன்னலுக்கு வெளியே வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு:
"அவ தேத்தண்ணிக்குப் போறா."
இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு வழி பிடித்தேன்.
பழைய உறுதி யாரும் கேட்டால்
மரியதாஸைக் கூப்பிடாமல்
பதிவறைக்கு நானே நடந்தேன்,
போக இருபத்தாறு எட்டு, வர இருபத்தாறு.
மரியதாஸின் முகம் கறுத்தது.
"என்ர வேலையில என்ன பிழை கண்டனீங்கள் மிஸ்?"
"பிழை உம்மட வேலையில இல்லை, என்ர நாரியில."

அவர்தான் மாசி மாதம்
திரைக்கு அடியில் வைக்கத்
தடித்த புத்தகம் இரண்டு கொண்டுவந்தார்.
அட்டை கிழிந்து, கறையான் ருசி பார்த்தவை.
"இது இனி ஒருத்தருக்கும் தேவைப்படாது."
திரை உயர்ந்தது, கழுத்து நிமிர்ந்தது.
தோளில் கிடந்த மூட்டையை
மூன்றே நாளில் யாரோ இறக்கிப் போனார்கள்.
தேங்காய் துருவும்போது பாடினேனாம்.
மகன் கேட்டான்: "என்னம்மா, இடமாற்றம் கிடைச்சிட்டுதோ?"

ஆவணியில் திருச்செல்வம் வந்தார், நாலாம் தரம்.
மயிலிட்டியில் ஒரு காணி,
நாவலடிப்புலம் என்று பெயர்.
"ஆமி விட்டிட்டான் பிள்ளை,
இனி நான்தான் அது என்ர எண்டு காட்டவேணும்."
முன்னம் மூன்று தரமும்
"இல்லை" என்று திருப்பி அனுப்பினது நான்தான்.
தேடாமல் இல்லை.
இருபத்தாறு எட்டு நடந்து, தேடி, நடந்து வந்து சொன்ன இல்லை.

காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறார்.
புறங்கையால் நாரியை முண்டுகொடுத்தபடி நிற்கிறார்.
அந்த நிலை எனக்குத் தெரியும்.
"தொகுதி இருநூற்றி முப்பத்தொண்டு,"
கையிலிருந்த துண்டைப் பார்க்காமலே சொன்னார்,
பெற்ற பிள்ளையின் பிறந்த திகதி சொல்வது போல.

நிமிர்ந்து பார்க்கப் பழகிய நாள் முதலாய்
திரைக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை.
அன்று பார்த்தேன்.
புத்தக முதுகில், பாதி கரைந்த மையில்,
இருநூற்றி முப்பத்தொன்று.

"கிடைச்சிட்டுது" என்றேன்.
எங்கே என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

உள்ளே கூப்பிட்டு என் கதிரையைக் கொடுத்தேன்.
அது ஆடியது.
ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு
மற்றக் கையின் விரலால் வாசித்தார்:
ஏழு பரப்பு, மூன்று குழி.
வடக்கே ஒழுங்கை. மேற்கே பங்குக்கிணறும்
அதற்குப் போய்வரும் வழிவாய்க்காலும்.
கடைசியில் தகப்பனின் கைநாட்டு,
அதில் விரலை வைத்தார், எடுக்கவில்லை.
அந்த ஏழு பரப்பின் மேல்தான்
ஆறு மாதம் என் கழுத்து நேராய் நின்றது.

மற்றப் புத்தகத்தையும் அன்றே கொண்டுபோய் அடுக்கினேன்.
திரை கீழே இறங்க, கழுத்து நோ
தன் வீட்டுக்கு வருவது போல வந்து சேர்ந்தது.
மரியதாஸ் ஒரு சீமெந்துக் கல்லைப்
பேப்பரால் சுற்றிக் கொண்டுவந்தார்.
"இதுக்கு உறுதி கேட்டு ஒருத்தரும் வராயினம்."
ஒரு விரற்கடை உயரம் கூடத்தான்.
பரவாயில்லை.

நேற்று கணக்காளரிடம் போனேன்.
"திறப்பு வெளியில ஆணியில தூங்கட்டும் சேர்" என்றேன்.
அவர் கோப்புக்குள் குனிந்தார்.
நான் அவர் நிமிரும்வரை நின்றேன்.
நிற்பது நல்லதென்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது தண்ணீர் குடிக்கிறேன்.
கதிரைக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.
பஸ் ரிக்கற்றுகளை எறியாமல்
கைப்பைக்குள் சேர்க்கிறேன்.