இரவுச் சப்பாத்து

ஜெலுத்தோங்கில் பேட்டரிக் கடைக்கு மேலே
இரண்டாவது மாடி.
ஏர்கோன் ஒழுகும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
நாங்கள் ஒன்பது பேர். பாதிப் பேர்
பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி மூடியதால் வந்தவர்கள்.
பாரம் நிரப்பத் தெரியும்.
எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால்
சூப்பர்வைசர் கேள்வி கேட்கமாட்டார் என்றும் தெரியும்.

மிஸ் தாங் முதல் நாள் பாரமே தரவில்லை.
வெற்றுத்தாளைக் கொடுத்து,
பக்கத்தில் இருப்பவரைப் பற்றி எழுதுங்கள் என்றார்,
எதுவும் கேட்காமல்.
ஹயாத்தி என்னைப் பற்றி எழுதினாள்:
'தவமலர். தேத்தண்ணி மிகவும் பிடிக்கும்.
அமைதியானவர். ஒத்துழைப்பார்.'

காது சூடேறியது எனக்கு.
குடித்தது, நீ ஊற்றிக் கொடுத்ததால்.
பேசாமல் இருந்தது பல்வலியால்.

"இந்தத் தாளை ஃபைலில் வைத்தால்
பத்து வருஷத்துக்கு இவருக்குத் தேத்தண்ணிதான்"
என்றார் மிஸ் தாங்.
யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் சுங்கை ஆரா இல்லத்தில்
எனக்கு வந்தது ஏகாம்பரத்தின் ஃபைல்.
வயது நாற்பத்தேழு. மூன்று வரி.
நல்ல சாப்பாடு.
எட்டு மணிக்குத் தூக்கம்.
சப்பாத்தைக் கழற்றினால் கடி.

எட்டரைக்கு அங்கே ஷிஃப்ட் மாறும்.
எட்டு மணித் தூக்கம் யாருடையது என்று
அப்போதே புரிந்தது.
சப்பாத்து புரியவில்லை.

பாரம் மலாயில்.
மலாயில் 'டியா' ஒன்றே போதும்,
அவன் அவள் அவர் எல்லாம் அதற்குள் அடக்கம்.
நான் தமிழில் நினைத்துத்தான் எழுதுகிறவள்.
அங்கே ஒளிய இடமில்லை,
வினைமுற்று வந்து வாயைப் பிடிக்கிறது:
சாப்பிட்டானா, சாப்பிட்டாரா?
மீசையில் நரை. என்னைவிட ஆறு வயது மூப்பு.
பஸ்ஸில் பார்த்திருந்தால்
அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்றிருப்பேன்.
இங்கே எல்லாருக்கும் 'அவன்'.
அன்பாகத்தான் சொல்கிறார்கள்.
அதுதான் சிக்கல்.

மூன்று சாயங்காலம் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.
அவரிடம் இருந்த சொற்கள் நான்கு:
போ. வேணாம். கோப்பி. லோரி.
கிள்ளானிலிருந்து தங்கச்சி போனில் சொன்னார்,
வீட்டில் இந்தப் பழக்கமே கிடையாது என்று.
பிறகு லைன் போய்விட்டது.

நான் ஒரு காரணம் எழுதினேன், அரைப் பக்கம்:
நடுராத்திரி, மழை, ஒரு லோரி,
வெறுங்காலோடு ஏற்றப்பட்ட ஒரு மனிதர்.
எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

மிஸ் தாங் இரண்டு முறை படித்தார்.
"அவர் சொன்னாரா?"
இல்லை.
"அப்படியென்றால் இது உங்களுடைய ஃபைல்."

மறுநாள் பசார் மாலாமில்
பதினெட்டு வெள்ளிக்கு ஒரு வெள்ளைச் சப்பாத்து,
தரையைத் தொடாதது.
கட்டிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.
எடுத்து முகர்ந்தார். உள்ளே கைவிட்டுப் பார்த்தார்.
பழையதைத் தானே கழற்றித்
தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு
புதியதைப் போட்டார்.
இருபது நிமிஷம் ஆனது. இடது வலது மாறியிருந்தது.
வாயைத் திறக்காமல் இருக்க
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திட்டத்தில் எழுதியது இவ்வளவுதான்:
'இரவுக்கென்று தனிச் சப்பாத்து.
அவரே மாற்றுவார், அவசரப்படுத்த வேண்டாம்.
தூக்கம் வரும்போது தூங்குவார்.
காரணம்: தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.'

தேர்வாளர் 'தெரியவில்லை' என்பதைச் சிவப்பில் சுழித்து
ஐந்து மார்க் குறைத்தார்.
மிஸ் தாங் அதை அழிக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மழை.
நாடா நனைந்திருக்கிறதே என்று
கேட்காமல் கை வைத்துவிட்டேன்.
மணிக்கட்டில் ஐந்து பல் தடம்.
சம்பவப் பதிவேட்டில் மலாயில் 'டியா' என்று எழுதி
உள்ளுக்குள் தமிழில் முடித்தேன்:
கடித்தார்.